வயிற்றுக் கோளாறு

ஒருத்தி பழிவாங்கப் போகிறாள் என்று தெரிந்தும் பக்கத்தில் இருந்தவள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்க மனமும் வரவில்லை. அவளுக்கு முதுகு துடைத்துவிட்டு, குழாயில் வடிந்த நீரை அளந்து கொட்டி, தலை வாரிவிட்டவள் நான்தான். அவள் கோபத்துக்குத் தீனி போட்டவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு என்னை யாரும் நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

அவளை அலுவலகத்தில் எல்லோரும் புள்ளி என்று கூப்பிடுவோம். ஒரு செய்தித்தாளின் அறிவிப்புப் பிரிவில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. தரைத்தளத்தில் ஒரு கண்ணாடிக் கவுன்டர், பின்னால் இரண்டு மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மரண அறிவிப்பு, நினைவஞ்சலி, பெயர் மாற்றம், காணாமல் போன நாய் எல்லாம் என்னிடம் வரும். நான் தட்டச்சு செய்து கொடுப்பேன், அவள் பிழை திருத்துவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மரண அறிவிப்பு இப்படிப் போயிருந்தது: ‘நாளை காலை பத்து மணிக்கு அடக்கம் செய்யப்படும் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவிப்பை ஏற்றுக்கொள்ளவும்.’ நடுவில் முற்றுப்புள்ளி இல்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, சொந்தக்காரர்கள் மொத்தப் பேரையும் சேர்த்தா புதைக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் புள்ளி. அவளுக்கு அதில் பெருமைதான்.

அவள் விடுப்பில் இருந்த ஒரு நாளில், ‘பிரிவால் வாடும் குடும்பத்தினர்’ என்பது ‘பிரிவால் ஆடும் குடும்பத்தினர்’ என்று அச்சாகிவிட்டது. மறுநாள் குடும்பமே திரண்டு வந்து எங்கள் கவுன்டரில் ஆடிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு புள்ளி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். அறிவிப்பு கொடுக்க வருகிறவர் அச்சுப்படியை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மனதுக்குள் வாசித்தால் கண் ஏமாற்றிவிடும், காது ஏமாறாது என்பது அவள் கட்சி. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கவுன்டர் முன்னால் நின்று பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்தே ஆக வேண்டும்.

அவளுக்குப் பிடிக்காத ஒரு சொல் உண்டு. உடல்நலக் குறைவு. ஒரு ஆளே போய்விட்டார், குறைவு என்று எழுதுகிறார்களே, எவ்வளவு குறைந்தது என்று சொல்லக் கூடாதா என்று தினமும் முணுமுணுப்பாள். அப்படிப்பட்டவள், தன் சொந்த அக்காவின் மரண அறிவிப்பில் அதைவிட மோசமான ஒரு சொல்லைக் கண்ணால் பார்த்தும் விட்டுவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு வந்தவர் அவளுடைய பெரியப்பா. அப்பாவின் அண்ணன். ஒரு தனியார் மருத்துவமனையில் நாற்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். குடும்பத்தில் எல்லோரும் அவரை டாக்டர் பெரியப்பா என்று கூப்பிட்டார்கள், அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் பேனா, பையில் மருந்து. யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொன்ன பிறகுதான் மற்ற டாக்டர்கள்.

புள்ளியின் அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். நாற்பத்துமூன்று வயது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, உப்பிக்கொண்டே இருக்கிறது என்று பெரியப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் வாயு என்றார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். ஏழு மாதம் அதைக் குடித்தாள். எட்டாவது மாதம் தபால் நிலையத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்தபோது வயிறு முழுக்க நீர். சினைப்பையில் புற்றுநோய், பரவிவிட்டது. வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது, யாருக்கும் இல்லை என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தைகள் இரண்டு பேரும் சீக்கிரமே போனவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு வந்தது வயிற்றுக் கோளாறு.

அக்கா ஐந்தே மாதத்தில் போய்விட்டாள். பெரியப்பா எங்கள் கவுன்டருக்கு வந்து ‘வயிற்றுக் கோளாரு காரணமாக’ என்று எழுதிக் கொடுத்தார். புள்ளி சிவந்த கண்ணோடு அதை வாங்கி, ‘ரு’வை ‘று’ ஆக்கினாள். சொல்லை அப்படியே விட்டுவிட்டாள்.

சாவதற்கு முன் அக்காவின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்த டாக்டர்கள், இது பரம்பரையில் வருவது, தங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். துக்கம் ஒரு வருடத்தைத் தின்றது. பயம் இன்னும் சில மாதங்களைத் தின்றது. கடைசியில் நான்தான் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கும் இருந்தது. மரபணுவில் ஒரு எழுத்துப்பிழை மாதிரி என்று மருத்துவமனையின் மரபணு ஆலோசகர் பெண் பக்குவமாகச் சொல்லப் பார்த்தாள். எழுத்துப்பிழை என்றால் நான் திருத்தியிருப்பேனே என்று புள்ளி முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள்.

ஆலோசகர் பெண் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தாள். வட்டம் பெண், சதுரம் ஆண். அம்மா வழியில் எல்லோரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள். அம்மா பஸ் மோதி இறந்தவள். அப்பாவும் இப்போது இல்லை. அவர் வழியில் இரண்டு அத்தைகள், வயிற்றுக் கோளாறு. பேனா நின்றது. வயிறு என்றால் எது, இரைப்பையா, குடலா, கர்ப்பப்பையா, சினைப்பையா என்று அவள் கேட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் பேச்சில் நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருக்கிற அத்தனையும் வயிறுதான். பிள்ளை பெறுவதும் வயிறு, பசிப்பதும் வயிறு, பொறாமையில் எரிவதும் வயிறு. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் பெண்கள் எல்லோரையும் ஒளித்து வைத்துவிடலாம்.

அன்று மாலையே புள்ளி எங்கள் அலுவலகத்துப் பழைய இதழ்களைப் புரட்டினாள். பெரிய அத்தை, பத்தொன்பது வருடம் முன்பு. சின்ன அத்தை, பதிமூன்று வருடம் முன்பு. இரண்டு அறிவிப்பிலும் ஒரே வாசகம். பெரிய அத்தையின் அறிவிப்பு புள்ளி வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்னால் வந்தது, அதில் ‘கோளாரு’ என்றே அச்சாகியிருந்தது. யார் எழுதியது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன அத்தையின் கணவர், அவளுக்கு மாமா, முதியோர் இல்லத்தில் இருந்தார். பார்க்கப் போனோம். அவர் தலைமாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். சினைப்பைப் புற்றுநோய், குடும்பத்தில் இரண்டாவது நபர், மற்றப் பெண்களும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கீழே ஒரு வரி: நோயின் தன்மை உறவினருக்கு விளக்கப்பட்டது. அதற்கு நேராகப் பெரியப்பாவின் கையெழுத்து. மாமாவுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. மச்சான் பார்த்துக்கொள்கிறேன் என்றார், விட்டுவிட்டேன் என்று அழுதார்.

புள்ளி அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

“தெரிஞ்சேதான் அக்காவுக்கு வாயு மருந்து குடுத்திருக்காருடி.”

தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். இந்த ஆளை மன்னிக்க எனக்கும் வழி தெரியவில்லை. எதற்காக மறைத்தார் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் அவருக்கு. குடும்பத்தில் இப்படி ஒரு வியாதி என்று வெளியே தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள் என்ற பயம். தன் மகளுக்கு மாப்பிள்ளை வர, தம்பி மகளைப் பலி கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

புள்ளிக்கு அறுவைச் சிகிச்சை மூன்று மாதம் கழித்து நடந்தது. இந்த மரபணு மார்பிலும் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதால், வியாதி வருவதற்கு முன்பே இரண்டு மார்பகங்களையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவது. தனித்தனியாகவும் செய்யலாம் என்றார் டாக்டர். இரண்டு தடவை விடுப்பு கேட்க முடியாது, மொத்தமாக எடுத்துவிடுங்கள் என்றாள். மார்பை மீண்டும் வடிவமைத்துத் தரட்டுமா என்றதற்கு, தட்டையாகவே இருக்கட்டும் என்றுவிட்டாள். ஏழு மணி நேரம் ஆனது.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்கிறவர்கள் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் கண் சிமிட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர். மனைவியின் விலாவிலிருந்து தொங்கிய குழாயைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதனால் அவர் சமையலறைக்கு, நான் குழாய்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். மொத்தம் நான்கு குழாய், பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரப்பர் குமிழ். காலையும் மாலையும் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதி, குமிழைப் பிசைந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த வீட்டுக்காரர் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டாள். சட்டையின் உள்பக்கம் நான்கு குமிழையும் ஊக்குக் குத்தித் தொங்கவிடுவேன்.

படுத்தால் எழ முடியாது. கையை ஊன்ற முடியாது. சாய்வு நாற்காலியில் தலையணைகளை அண்டைகொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கெட்டிலைத் தூக்க முடியாது, அலமாரிக் கதவை இழுக்க முடியாது. தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்வாள். நெஞ்சுத் தோல் மரத்துப்போய், நான் ஈரத்துணியால் துடைப்பதே தெரியாது. ஆனால் இல்லாத இடத்தில் அரிக்கும். எங்கே சொறிவது என்று கேட்டுத் திட்டுவாள். சினைப்பையை எடுத்ததால் ஒரே நாளில் அவளுக்கு மாதவிடாய் நின்று, உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. கழுத்திலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறி, மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நிற்கும். ஐந்து நிமிடத்தில் குளிர் எடுத்துப் போர்வை கேட்பாள். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, நல்லவேளை உனக்குக் குழந்தை குட்டி இல்லை என்று ஆறுதல் சொன்னாள். அவளை நான்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன், கொஞ்சம் வேகமாகவே.

பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏற வேண்டும். கை எவ்வளவு உயரம் வரை போக வேண்டும் என்று ஏதாவது இலக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

“ஒருத்தர் கன்னம் வரைக்கும்.”

அந்த மனிதர் பேனாவை எடுத்துக்கொண்டு, அவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அன்றைக்குப் புள்ளி சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு தினமும் ஒரு விரல்கடை ஏறினாள். மற்றவர்களை ஏதேதோ தேற்றி எழுப்பும். இவளை எழுப்பியது பெரியப்பாவின் கன்னம்தான்.

இரண்டாவது வாரம் பெரியப்பாவின் மகள் வந்தாள். முப்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நல்ல பெண், அதை மறைக்கக் கூடாது. புள்ளியைக் கட்டிப்பிடிக்கப் போய், எங்கே வலிக்குமோ என்று பாதியிலேயே நின்று, கடைசியில் காலைப் பிடித்துவிட்டாள். பழம் கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள். இளஞ்சிவப்பு மருந்து. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் வாயு இருக்கும், இதைக் குடிக்கச் சொல் என்று அப்பா கொடுத்தாராம்.

புள்ளியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போனாள்.

“உங்க அம்மா வழியில வந்த வியாதின்னு அப்பா சொன்னாருக்கா. பாவம் சித்தி, அவங்களுக்கே தெரியாம இருந்திருக்கும்ல. எங்க பக்கம் யாருக்கும் இல்லையாம்.”

பஸ் மோதிச் செத்தவள் தலையில் இதையும் கட்டிவிட்டார் மனிதர். நான் வாயைத் திறக்கப் போனேன். புள்ளி என் கையைத் தொட்டாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சாப்பிட்டாயா, வேலை எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை பார்ப்பது எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தாள். பேச்சுவாக்கில் அந்தப் பெண், இப்போதெல்லாம் தனக்கும் சாப்பிட்டால் வயிறு கொஞ்சம் உப்புகிறது, உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் இருக்கும் என்றாள். அப்பா மருந்து தருகிறாராம்.

அவள் போன பிறகு புள்ளி அந்தப் புட்டியைக் காட்டினாள்.

“அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். எங்க அக்கா குடிச்சா, அவர் பொண்ணும் குடிக்கட்டும்.”

வேண்டாம்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெரியப்பாவுக்கு அந்த மரபணு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் மகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆலோசகர் பெண் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அக்காவின் கடைசி வாரத்தில் அவளைத் தூக்கி உட்கார வைத்தவளும் நான்தான். அந்த எடையே இல்லாத உடம்பு என் கையில் இன்னும் இருக்கிறது. விடு, அவர் பெற்ற பெண், அவரே சொல்லட்டும் என்றேன். சொல்லிவிட்டுப் புட்டியை எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன்.

ஒவ்வொரு குழாயாக எடுத்தார்கள். தையல் காய்ந்தது. விரல் சுவரில் ஏறியது. அந்தப் பெண் வாரம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரித்தாள். ஒவ்வொரு முறையும் புள்ளி அன்பாகப் பேசி, ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். அவளுடைய உப்புசம் குறைந்துவிட்டதாகக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை மறைத்துக்கொண்டேன்.

பத்தாவது வாரத்துக்குப் பிறகு புள்ளி வேலைக்கு வந்தாள். பருத்திச் சட்டைக்குள் நெஞ்சு பலகை மாதிரி நேராக இருந்தது. பேச வருகிறவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர்கள் போல, நெற்றியையே பார்த்துப் பேசினார்கள். அவள் மேசை மேல் ஒரு குட்டி விசிறியை வைத்துக்கொண்டு, கொதிப்பு வரும்போதெல்லாம் போட்டுக்கொண்டாள். பிழைகள் அவளிடம் முன்னைவிட அதிகம் அடி வாங்கின.

பிறகு பல வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மாமாவிடமிருந்து அந்த அறிக்கை வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அக்காவின் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி கொடுக்கப் பெரியப்பா வந்தார். மகள்தான் காரில் கூட்டி வந்திருந்தாள். மூன்று படங்களைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு அத்தைகள், அக்கா. மூன்று பேரையும் ஒரே கட்டத்தில் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். அவர் எழுதி வந்த தாளை நீட்டினார். ‘வயிற்றுக் கோளாரு காரணமாக எம்மைப் பிரிந்து சென்ற அன்புச் செல்வங்கள்.’

நான் அதைப் புள்ளியிடம் கொடுத்தேன். வழக்கமாகத் தட்டச்சு என் வேலை. அன்று அவளே உட்கார்ந்து அடித்தாள். அச்சுப்படியை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்து, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள் பெரியப்பா என்றாள். குரலில் தேன்.

அவர் கண்ணாடியை மாட்டினார். உதடு அசைந்தது, நின்றது. முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, பிறகு வருகிறேன் என்று தாளை மடிக்கப் போனார்.

“போன வாரம்தானேப்பா நான் உங்க கண்ணைப் பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. குடுங்க, நான் வாசிக்கிறேன்.”

அந்தப் பெண் தாளை வாங்கி, தினமும் எழுத்துகளை வாசிக்க வைக்கிறவளின் தெளிவான குரலில் வாசித்தாள்.

“இம்மூவரும் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள். இது எங்கள் தந்தை வழிக் குடும்பத்தில் பரம்பரையாக வருவது. மூத்தவருக்கு இது பதிமூன்று வருடங்களுக்கு முன்பே தெரியும். அவருடைய மகளுக்கு இன்றுதான் தெரியும்.”

கடைசி வரியை வாசித்த பிறகுதான் அது தன்னைப் பற்றியது என்று அவளுக்கு உறைத்தது. பின்னால் வரிசையில் நாய் காணவில்லை என்று அறிவிப்பு கொடுக்க வந்தவர், நாயின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். புள்ளி அந்தப் பழைய அறிக்கையையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அந்தப் பெண் அதையும் வாசித்தாள், இந்த முறை மனதுக்குள். கையெழுத்தில் விரலை வைத்து அப்பாவைப் பார்த்தாள். அவர், உன் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்றுதான், என்று ஆரம்பித்தார். எழுபத்தாறு வயது மனிதர் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. புள்ளியின் கை இப்போது அந்தக் கன்னம் வரைக்கும் தாராளமாக எட்டும். அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. இதற்காகத்தான் அத்தனை குமிழையும் பிசைந்தோம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் அப்பாவை விட்டுவிட்டுப் புள்ளியின் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பேப்பர் எப்பக்கா உங்க கைக்கு வந்துச்சு?”

“ஒன்பது மாசம் ஆச்சு.”

“நான் வந்து உங்க கட்டில்ல உட்கார்ந்து பேசினேனே. வயிறு உப்புதுன்னு சொன்னேனே. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“உங்கப்பாவுக்கு வலிக்கணும்னு.”

“அவருக்கு வலிக்கிறதுக்கு நான் சாகணுமா?”

புள்ளியின் கழுத்திலிருந்து சூடு ஏறுவது தெரிந்தது. மேலுதடு வியர்த்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டாள். நான் மேசையில் கிடந்த ஒரு பெயர் மாற்ற அறிவிப்பை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. பேனாவை எடுத்து அச்சுப்படியின் கடைசி இரண்டு வாக்கியங்களை அடித்தாள். முதல் இரண்டும் அப்படியே வரட்டும் என்று சொல்லி, அப்பா போட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அப்பாவைக் காருக்குக் கூட்டிப்போனாள், கையைப் பிடிக்காமல்.

நினைவஞ்சலி வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொந்தத்தில் இரண்டு பெண்கள் ஆலோசகரிடம் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். பெரியப்பாவை மகளே இழுத்துப்போய் இரத்தம் கொடுக்க வைத்தாள். அவருக்கு இருந்தது. அதன் பிறகு அவள் தனக்கும் கொடுத்தாள். முடிவு வர ஐந்தாறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் புள்ளி அவளுக்கு எத்தனை முறை போன் செய்தாள் என்று எனக்குத் தெரியும், ஒரு முறைகூட அவள் எடுக்கவில்லை என்பதும் தெரியும்.

பிறகு ஒரு நாள் மதியம் அவளே கவுன்டருக்கு வந்தாள். புள்ளி எழுந்து நின்றாள்.

“ரிசல்ட் வந்துடுச்சு. அப்பாகிட்ட சொல்லல. உங்ககிட்டயும் சொல்லப் போறதில்ல.”

எவ்வளவு நாளைக்கு என்று புள்ளி கேட்டாள். நான் அவளிடம் அவ்வளவு சின்னக் குரலை அதுவரை கேட்டதில்லை.

“அப்பாவுக்குப் பதிமூணு வருஷம். உங்களுக்கு ஒன்பது மாசம்.”

அவள் போய்விட்டாள். புள்ளி உட்கார்ந்து குட்டி விசிறியைப் போட்டாள். அன்றைக்கு மாலை வரை ஒரு பிழையும் அவள் கண்ணில் படவில்லை, நான்கு பிழை அச்சுக்குப் போனது. நியாயமாகத்தான் செய்திருக்கிறாள் என்று மறுநாள் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினாள். போன மாதம் கண் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு அவள் கடைக்கே போய் வந்தாள். மேல் தட்டிலிருந்து கண்ணாடிப் பெட்டியை எடுக்கும்போது அவள் கை சுலபமாக மேலே போகிறதா, சட்டை நெஞ்சில் எப்படி விழுகிறது, மேலுதடு வியர்க்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாளாம். கை சுலபமாகத்தான் போனதாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்காமல் இருக்கலாம்.

பெரியப்பா இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். அறிவிப்பு எதுவும் கொடுக்க வருவதில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, உன்கிட்ட ஏதாவது சொன்னாளாம்மா என்று கேட்கிறார். இல்லை, உங்களிடம் சொன்னாளா என்று புள்ளி கேட்கிறாள். இல்லை என்கிறார். உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க இரண்டு பேருக்கும் வேறு ஆள் இல்லை. அவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, நானும்தான். ஆனால் நிற்க முடியாமல் அவர் தள்ளாடுவதைப் பார்த்து, போன வாரம் நான் ஒரு நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன்.

பதில் தெரியப் புள்ளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அவருக்கு வயது எழுபத்தாறு.